சுற்றி வந்த குரல்

எங்கள் அடுத்த வீட்டு மாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லண்டனிலிருந்து என் பேரன் செல்போனில் முகம் காட்டிப் பேசுகிற நேரம் பார்த்து, "கொஞ்சம் உறை மோர் இருக்கா?" என்று கிண்ணமும் கையுமாக வந்து நிற்பாள். உறை மோர் ஒரு சாக்குத்தான். பேரனை நன்றாகப் பார்த்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "கலிகாலம்! இந்தக் குரல் ஆகாசத்திலே எப்படித்தான் பறந்து வரதோ!" என்று மேலே பார்த்து ஒரு கும்பிடு போடுவாள்.

நேயர்களே, உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். 2008-ஆம் வருஷம் வரையில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், செல்போனிலிருந்து பக்கத்துக் கோபுரம் வரையில்தான் குரலுக்குக் காற்று வழிப் பிரயாணம். அதற்குப் பிறகு பூமிக்குள் இறங்கிவிடுகிறது. நாடு விட்டு நாடு போகவேண்டுமானால் சமுத்திரத்துக்கு அடியில் முங்கிவிடுகிறது. ஆகவே, மாமி மேலே பார்த்துக் கும்பிட்டதெல்லாம் விலாசம் தப்பிப் போன தபால் மாதிரிதான்!

என் அக்கா பிள்ளை ஒருவன் இந்தத் துறையில் இன்ஜினீயர். "சித்தி, சமுத்திரத்துக்கு அடியிலே போட்டிருக்கிற கேபிள் எவ்வளவு தடிமன் இருக்கும், சொல் பார்ப்போம்" என்று ஒரு நாள் கேட்டான். "கோயில் தேர்வடம் அளவு இருக்காதோ?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, நான் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயைக் காட்டினான். ஆழ்கடலில் அவ்வளவு தடிமன்தானாம்! கரைக்குக் கிட்டத்தில் மட்டும் மீன் வலைக்கும் நங்கூரத்துக்கும் பயந்து இரும்புக் கம்பிகளால் கவசம் போடுவார்கள். உள்ளே தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகள். நம்முடைய பேச்சு, படம், பாங்குக் கணக்கு எல்லாம் வெளிச்சத் துடிப்புகளாக மாறி அந்த இழைகளுக்குள் ஓடுகின்றன. வெளிச்சம் போகப் போக மங்குமல்லவா? அதற்காக 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒரு கருவியைக் கோத்திருக்கிறார்கள். அது மங்கின வெளிச்சத்தைத் தூண்டிவிடுகிறது, நாம் குத்துவிளக்குத் திரியைத் தூண்டுகிற மாதிரி.

இந்தக் குழாய்க்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் 1974-க்குப் போகவேண்டும்.

அப்போது நாங்கள் மாம்பலத்தில் இருந்தோம். எனக்கு இருபத்தொரு வயசு. அண்ணா அமெரிக்காவில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு அவன்தான் உயிர். ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுக் கை அலம்பப் போனவர் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்" என்றார். எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. எதிர்வீட்டு வக்கீல் வீட்டுக்கு ஓடி, எட்டரை மணிக்கே டிரங்க் கால் பதிவு செய்தேன்.

அந்தக் காலத்து டிரங்க் காலைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தெரியும். பதிவு செய்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். நான் வக்கீல் வீட்டுக் கூடத்தில் டெலிபோனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். நடுநடுவே வீட்டுக்கு ஓடி வருவேன். அப்பா கண்ணைத் திறந்து, "லைன் கிடைச்சுதா?" என்பார். "இதோ கிடைச்சுடும்பா" என்பேன். இரண்டு மணிக்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நாலே முக்காலுக்கு மணி அடித்தது. அண்ணாவின் முதல் வார்த்தை, "அப்பா எப்படி இருக்கார்?" எனக்கு நாக்கு எழவில்லை. நான் அழுது முடித்துச் சொல்ல ஆரம்பிப்பதற்குள், "மூணு நிமிஷம் ஆச்சு" என்றது நடுவிலிருந்த குரல்.

பதினைந்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. "எட்டு மணிக்கு விழுந்தவரைப் பற்றி விடியற்காலையில் சொல்கிறாயே. முன்னாலேயே கூப்பிட்டிருந்தால் அவர் குரலையாவது கேட்டிருப்பேன்" என்று எழுதியிருந்தான். நடந்ததையெல்லாம் விவரமாக எழுதிப் போட்டேன். அவன் நம்பவில்லை. என் கல்யாணத்துக்குப் பணம் வந்தது, அவன் வரவில்லை. அப்புறம் தீபாவளிக்கு ஒரு வாழ்த்து. பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

முப்பத்துநாலு வருஷம்! எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த உறவு வளரவில்லை. ஆனால் நடுவே கிடந்த சமுத்திரத்துக்கு அடியில் வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கதையையும் கேளுங்கள்.

அதன் வேர் மிகவும் பழையது. மாஞ்செஸ்டரில் ஜான் பெண்டர் என்று ஒரு பருத்தி வியாபாரி இருந்தார். துணி மூட்டையை விடச் செய்தி மூட்டையில் லாபம் அதிகம் என்று கண்டுபிடித்த மனிதர். அவருடைய கம்பெனிகள் 1870-இல் பம்பாயையும் இங்கிலாந்தையும் கடலடித் தந்தியால் இணைத்தன. 1871-இல் நம் சென்னப்பட்டணத்துக் கரையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்தி பேசியது. மலாய் நாட்டு மரத்துப் பாலைக் காய்ச்சித் தாமிரக் கம்பிக்கு மேலே உறையாகப் போட்டு, உப்புத் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

1947-இல் வெளிநாட்டுத் தந்திப் போக்குவரத்தை இந்திய அரசாங்கமே எடுத்துக்கொண்டு, ஓவர்ஸீஸ் கம்யூனிகேஷன்ஸ் சர்வீஸ் என்ற இலாகாவை ஏற்படுத்தியது. 1971-இல் புனாவுக்குப் பக்கத்தில் ஆர்வி என்ற ஊரில் செயற்கைக் கோள் வழியே பேசும் நிலையம் வந்தது. ஆகவே அந்தக் காலத்துக்கு மாமி சொல்வது சரிதான். அப்போது குரல் ஆகாசத்தில்தான் போயிற்று. 1981-இல் சென்னைக்கும் பினாங்குக்கும் டெலிபோன் கேபிள் போட்டார்கள். 1986 ஏப்ரலில் அந்த இலாகா விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசாங்கக் கம்பெனி ஆயிற்று. 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைக் கொண்டுவந்தது அந்தக் கம்பெனிதான். 2002-இல் அரசாங்கம் 25 சதவிகிதப் பங்கையும் நிர்வாகத்தையும் டாட்டா குழுமத்துக்குக் கொடுத்தது.

இனிமேல்தான் சுவாரஸ்யம். நம்மைப் போன்ற இல்லத்தரசிகளுக்கு நன்றாகப் புரியக்கூடிய விஷயம். ஏனென்றால் இது ஆடித் தள்ளுபடிக் கதை!

1990-களின் கடைசியில் உலகமெங்கும் ஒரே இன்டர்நெட் மோகம். "இன்னும் கேபிள், இன்னும் கேபிள்" என்று மேல்நாட்டுக் கம்பெனிகள் கடன் வாங்கிச் சமுத்திரத்தில் கொட்டின. அதே சமயத்தில் ஒரு கண்ணாடி இழைக்குள்ளேயே பல நிற வெளிச்சங்களை ஒன்றோடொன்று கலக்காமல் அனுப்பும் வித்தையும் தேறிவிட்டது. ஒற்றைப் பாதை போட்ட இடத்தில் பத்துப் பாதை கிடைத்தால் சும்மா இருக்குமா? சரக்கு ஏராளம், வாங்க ஆள் இல்லை. விலை பாதாளத்துக்குப் போயிற்று. 2002-இல் பெரிய பெரிய கேபிள் கம்பெனிகள் மஞ்சள் கடிதாசு கொடுத்தன.

டைகோ என்ற அமெரிக்கக் கம்பெனி இருநூறு கோடி டாலருக்கு மேல் செலவு செய்து, அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் ஐரோப்பாவைச் சுற்றியுமாகச் சுமார் 60,000 கிலோமீட்டர் கேபிள் போட்டிருந்தது. பூமியின் இடுப்பை ஒன்றரைச் சுற்றுச் சுற்றலாம், அவ்வளவு நீளம். 2005-இல் விதேஷ் சஞ்சார் நிகம் அதை என்ன விலைக்கு வாங்கியது தெரியுமா? 13 கோடி டாலர்! பதினைந்தாயிரம் ரூபாய்க் காஞ்சீபுரம் புடவையை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் எப்படி? அடுத்த வருஷமே, வெளிநாட்டு டெலிபோன் பேச்சுக்களைச் சுமப்பதில் பேர்போன கனடா நாட்டு டெலிகுளோப் கம்பெனியையும் 23.9 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது.

மலிவாக வாங்கினவர்கள் எல்லாரும் வாழ்ந்துவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். 2004-இல் ரிலையன்ஸ் குழுமமும் ஃபிளாக் என்ற பெரிய கேபிள் கம்பெனியை 20.7 கோடி டாலருக்கு வாங்கியது. பேர் மாறி, கை மாறி வந்த அந்தக் கம்பெனி, கடன் சுமை தாங்காமல் 2019-இல் அமெரிக்கக் கோர்ட்டில் திவால் பாதுகாப்புக் கேட்டது. தள்ளுபடியில் வாங்குவது சாமர்த்தியம். வாங்கினதை வைத்துக் காப்பாற்றுவது வேறு சாமர்த்தியம் என்று நமக்குத் தெரியாதா!

டாட்டா குழுமத்தார் வாங்கின அந்த நகையிலும் ஒரு குறை இருந்தது. மாலை பெரிசுதான், ஆனால் அறுந்த மாலை. அட்லாண்டிக் ஒரு துண்டு, பசிபிக் ஒரு துண்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் சொந்தமாக 3,100 கிலோமீட்டருக்கு மேல் ஒரு கேபிளை 2004-இலேயே போட்டிருந்தார்கள். அது ஒரு துண்டு. ஆனால் சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் நடுவே சொந்த இழை இல்லை. மேற்கே பம்பாயிலிருந்து ஐரோப்பாவுக்கும் இல்லை. கொக்கி இல்லாத சங்கிலியைக் கழுத்தில் மாட்ட முடியுமா?

இந்த நிலையில்தான் 2008 ஜனவரி 30-ஆம் தேதி வந்தது.

அன்றைக்குப் புதன்கிழமை. லண்டனில் என் பெண்ணுக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. தலைச்சன் பிரசவம். அடுத்த வாரம் நான் கிளம்புவதாக டிக்கெட் வாங்கி, பிரசவ லேகியம் கூடக் கிளறி வைத்திருந்தேன். காலையில் மாப்பிள்ளை பேசினார்: "ரத்த அழுத்தம் ஏறியிருக்கு, ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போறேன். மத்தியானம் பேசறேன், அம்மா."

மத்தியானம் பேச்சு வரவில்லை. நாங்கள் வழக்கமாகப் பேசுகிற இன்டர்நெட் செத்துக் கிடந்தது. டெலிபோனை எடுத்துச் சுற்றினால், "இந்தத் தடத்திலுள்ள எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன" என்று ஒரு பெண்மணி இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நூறு தடவை கேட்டால் அந்த இனிமை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி டெலிவிஷனில் செய்தி சொன்னார்கள். எகிப்தில் அலெக்ஸாந்திரியாவுக்கு அருகே, மத்தியதரைக் கடலில் இரண்டு பெரிய கேபிள்கள் அறுந்துவிட்டன. இந்தியாவின் இன்டர்நெட் போக்குவரத்தில் பாதிக்குப் பக்கம் முடங்கிவிட்டது.

மணி பதினொன்று. நான் டெலிபோனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். சட்டென்று எனக்கு அந்த வக்கீல் வீட்டுக் கூடம் ஞாபகம் வந்துவிட்டது. கை கால் வெலவெலத்தது.

அக்கா பிள்ளைதான் ஓடி வந்தான். "சித்தி, அறுந்தது மேற்கு வழி. எல்லாரும் அந்தப் பக்கமே முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். கிழக்கே சிங்கப்பூர், ஜப்பான், பசிபிக் வழியாக அமெரிக்காவுக்குப் போக வழி இருக்கு. அமெரிக்காவிலே யாரையாவது பிடிச்சால், அவர்கள் அங்கேயிருந்து லண்டனுக்குப் பேசிடலாம். அங்கே யார் இருக்கா நமக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார். மெள்ள, "உங்க அண்ணா இருக்காரே" என்றார்.

பழைய டைரியில் நம்பர் இருந்தது. ஆறாவது தடவையில் மணி அடித்தது. "ஹலோ" என்றேன். பதில் இல்லை. வைத்துவிட்டானோ என்று நினைத்தபோது, சற்றுத் தாமதித்து "ஹலோ, யாரு?" என்று வந்தது. நான் பேச, அவன் பேச, இரண்டும் இடித்துக்கொண்டன. ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். "நீ வை. நான் பார்த்துக்கறேன்" என்றான். ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒன்றே கால் மணிக்குக் கூப்பிட்டான். "பிள்ளைக் குழந்தை. குறைமாசந்தான், ஆனால் தாயும் சேயும் சௌக்கியம். நானே அவளோடு பேசினேன். குழந்தை அழற சத்தம் கூடக் கேட்டேன்" என்றான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சற்று நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவன் கேட்டான்: "காலையிலேருந்தா முயற்சி பண்ணிண்டிருக்கே?"

"ஆமாம், அண்ணா."

அந்தத் தாமதம். சமுத்திரத்தைச் சுற்றி வருகிற தாமதமா, மனுஷன் தயங்குகிற தாமதமா, எனக்குத் தெரியவில்லை. பிறகு மெதுவாக, "அன்னிக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாயா?" என்றான்.

"எட்டரை மணியிலேருந்து" என்றேன்.

நேயர்களே, முப்பத்துநாலு வருஷம் கடிதத்தில் எழுதி நம்ப வைக்க முடியாததை, அறுந்துபோன ஒரு கேபிள் நம்ப வைத்துவிட்டது.

மறுநாள் அக்கா பிள்ளை கணக்குச் சொன்னான். கண்ணாடிக்குள் வெளிச்சம் வினாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடுமாம். கிழக்கு வழியாகப் பசிபிக்கைச் சுற்றிக்கொண்டு போய்ப் பதில் திரும்பி வர, காதுக்குத் தெரிகிற அளவு தாமதமாகிவிடும். "உன் பேரன் பிறந்த சேதி அட்லாண்டிக், அமெரிக்கா, பசிபிக், ஜப்பான் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கும் சித்தி. நீகூட அவ்வளவு ஊர் பார்த்ததில்லை!" என்றான்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி செய்ததை நான் கவனித்துக்கொண்டே வந்தேன். 2008 பிப்ரவரியில் டாட்டா கம்யூனிகேஷன்ஸ் என்று பேர் மாறியது. 2009-இல் சிங்கப்பூரையும் ஜப்பானையும் இணைத்துக் கிழக்கிடைவெளியை அடைத்தார்கள். 2012-இல் மேற்கே ஐரோப்பா வரைக்கும் இழை போட்டு, உலகத்தைச் சுற்றி ஒரே கம்பெனிக்குச் சொந்தமான முதல் வளையம் பூர்த்தியாகிவிட்டது என்று அறிவித்தார்கள். கொக்கி மாட்டியாகிவிட்டது! 2021-இல் அரசாங்கம் தன்னிடம் மீதியிருந்த 26 சதவிகிதப் பங்கையும் விற்றுவிட்டது.

வளையம் என்றால் அறுபடாது என்று அர்த்தமில்லை. உலகத்தில் வருஷத்துக்கு 150 முதல் 200 தடவை எங்கேயாவது ஒரு கேபிள் பழுதாகிறது. பெரும்பாலும் மீன் வலையாலும் நங்கூரத்தாலும். 2024 பிப்ரவரியில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது, இந்த வளையத்தின் மேற்குத் துண்டும் அவற்றில் ஒன்று. ஏவுகணையால் அடிபட்ட ஒரு கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு மிதந்ததுதான் காரணம் என்று நிபுணர்கள் கருதினார்கள். அறுந்தால் கப்பல் போய்க் கொக்கி போட்டுத் தூக்கி, இழையோடு இழை ஒட்டவேண்டும். நாளாகும். ஆனால் நீட்டிப் போட்ட கயிறு ஓரிடத்தில் அறுந்தால் இரண்டு துண்டு. வளையம் ஓரிடத்தில் அறுந்தால் அப்போதும் ஒரே துண்டுதான். அந்தப் பக்கம் போக முடியாவிட்டால் இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போகலாம். ஒரு கேபிள் கம்பெனி வளர்வதென்றால் நீளம் கூடுவது மட்டுமல்ல, இரண்டாவது வழி உண்டாவதுதான் என்று நான் தெரிந்துகொண்டேன்.

குடும்பமும் அப்படித்தானே? உங்கள் வீட்டிலும் பேச்சு நின்றுபோன ஒரு திசை இருக்கலாம். பழைய டைரியில் நம்பர் கிடக்கும். மேற்கே வழி அறுகிற ராத்திரிக்காகக் காத்திருக்காமல், இன்றைக்கே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்களேன். முதல் "ஹலோ"வுக்குப் பதில் வரச் சற்றுத் தாமதமானாலும் வைத்துவிடாதீர்கள்.

என் அண்ணா எண்பதை நெருங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறான். பாதி நேரம் "என்ன? என்ன?" என்கிறான். அது கேபிளின் குற்றமில்லை, காது மந்தம். அரும்பு மீசை முளைத்துவிட்ட என் பேரன், "பாட்டி, தாத்தாவுக்கு உரக்கச் சொல்லு" என்று லண்டனிலிருந்து கத்துகிறான். சென்னை, லண்டன், அமெரிக்கா மூன்றும் ஒரே சின்னக் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கின்றன.

மாமியிடம் இந்தக் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்துடன் வந்தவள், பழக்கதோஷத்தில் மேலே பார்த்துக் கும்பிட்டாள். பிறகு ஞாபகம் வந்தவளாக, கிழக்கே கடற்கரைப் பக்கம் திரும்பி, குனிந்து, தரையைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டாள்.

உறை மோரை மட்டும் மறந்துவிட்டுப் போய்விட்டாள்!